நிமிடத்துக்கு எத்தனை சொல்?

கோத்தகிரியில் எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்கா மாத நாவல் வாசகி. பகலெல்லாம் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, சமையலை முடித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தை எடுப்பார். ஒரே நாவலை அவர் கையில் இரண்டாம் நாள் நான் பார்த்ததில்லை. ஏன் இந்த அவசரம் என்று ஒருமுறை கேட்டேன்.

"எடுத்தா அன்னிக்கே முடிச்சிரணும் தம்பி. பாதியில வச்சா, அந்தப் பொண்ணு என்ன ஆனாளோன்னு மறுநாள் பூரா அதே நெனப்பு. கொழுந்துல கை ஓடாது."

நான் இதற்கு நேர் எதிர். கிளை நூலகத்தில் எடுக்கும் புத்தகத்தை இரண்டு முறையாவது புதுப்பிக்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. வருடத்துக்கு நூறு புத்தகம் முடித்தேன் என்று ஜனவரி முதல் தேதி பட்டியல் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் சில வருடங்களுக்கு முன் கோவையில் இரண்டு நாள் வேக வாசிப்பு வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டினேன். யார் நடத்தியது என்பது இங்கே தேவையில்லை. விரலை வரிக்கு அடியில் ஓட்டு, மனதுக்குள் உச்சரிக்காதே, படித்த வரிக்குத் திரும்பாதே, பஸ் பயணத்தைக்கூட வீணாக்காதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு தேர்வு. பத்துக் கேள்வியில் ஒன்பது சரி, உங்கள் வேகம் நிமிடத்துக்கு 600 சொல் என்று சான்றிதழும் தந்தார்கள். படிக்கக் கொடுத்த கட்டுரை யானைகளைப் பற்றியது. யானை எத்தனை மாதம் கர்ப்பம் சுமக்கும் என்பது ஒரு கேள்வி. நீலகிரியில் வளர்ந்தவனுக்கு 22 என்று எழுத அந்தக் கட்டுரையைத் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை.

பஸ் யோசனையை வீடு திரும்பும்போதே சோதித்தேன். மேட்டுப்பாளையம் தாண்டி மூன்றாவது வளைவில் புத்தகத்தை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டேன். உடம்பு திரும்புகிறது என்று உள்காது சொல்கிறது. பக்கத்தைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்பட்டால் வயிறு புரட்டும். மலைக்காரர்கள் பஸ்ஸில் புத்தகம் படிக்காததற்கு ஆர்வக் குறைவு காரணமில்லை.

மற்ற மூன்று யோசனைகளையும் பற்றிப் பேச, கண் எப்படிப் படிக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. அப்படியில்லை என்பது 1879-லேயே பாரிஸில் லூயி எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் தெரிந்துவிட்டது. கண் குதிக்கிறது, நிற்கிறது, மறுபடி குதிக்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் விநாடி. அந்த நிறுத்தத்தில்தான் எழுத்து உள்ளே போகிறது. குதிக்கும் கணத்தில் பார்வை அணைந்ததுபோலத்தான். ஆங்கிலம் படிக்கும் கண் ஒரு குதிப்பில் ஏழெட்டு எழுத்தைத் தாண்டுகிறது. கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் பரப்பு மிகச் சிறியது. கையை நீட்டி உங்கள் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம்தான். ஒரு பார்வையில் பத்தியையே விழுங்கலாம் என்ற வாக்குறுதி, அமெரிக்காவில் எவலின் வுட் என்ற ஆசிரியை 1959-ல் தொடங்கிய வகுப்புகளால் உலகம் முழுக்கப் பரவியது. அதை நிறைவேற்றக் கண்ணின் அமைப்பே இடம் தராது.

அப்படியானால் மனிதர்கள் உண்மையில் எவ்வளவு வேகமாகப் படிக்கிறார்கள்? பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் பிரைஸ்பர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு கணக்குச் சொன்னார். ஆங்கிலத்தை மௌனமாகப் படிக்கும் வயது வந்தோருக்குக் கட்டுரை என்றால் நிமிடத்துக்குச் சராசரி 238 சொல், கதை என்றால் 260. வாய்விட்டுப் படித்தால் 183. இந்த எண்களுக்கு முன்னால் என் 600 என்னவென்று யோசித்தால், அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: நுனிப்புல் மேய்தல்.

மேய்வது தப்பில்லை. செய்தித்தாளை யாரும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பதில்லை. ஆனால் மேய்வதற்குப் படித்தல் என்று பெயர் வைத்து விற்பதுதான் தகராறு. கடைசி வீட்டு அக்காவின் தொழிலிலேயே இதைப் பார்க்கலாம். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் கிள்ளுவது ஒரு முறை. ஆள் பற்றாக்குறை நாளில் கத்தரி போட்டு வெட்டுவது இன்னொரு முறை. கத்தரியில் கிலோ ஏறும். கூடவே முத்தலும் காம்பும் பையில் சேரும், தொழிற்சாலையில் விலை குறையும். கீத் ரேய்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டு ஆராய்ச்சிகளை அலசி 2016-ல் வெளியிட்ட கட்டுரையின் முடிவும் கிட்டத்தட்ட இதுதான். வேகத்தைக் கட்டாயமாக ஏற்றினால் புரிதல் இறங்கும். புரிதல் கெடாமல் வேகம் கூடவேண்டுமென்றால் அதற்கு நம்பகமான வழி, அந்த மொழியில் நிறையப் படித்துச் சொல்வளத்தைக் கூட்டிக்கொள்வது. இரண்டு நாள் வகுப்பில் இதை விற்க முடியாது, பாவம்.

மனதுக்குள் உச்சரிக்காதே என்பதைப் பார்ப்போம். உள்ளே கேட்கும் அந்தக் குரலை வலிந்து அடக்கினால், எளிய செய்தி தப்பிக்கும், சிக்கலான எழுத்து புரியாமல் போகும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தமிழ்க் கதை வாசகருக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்ற உருவம் பள்ளிக்கூடத்திலிருந்தே கண்ணுக்குப் பழக்கம். 'போயிட்டிருந்தாங்க' காதுக்குத்தான் பழக்கம். கரிசலும் நாஞ்சிலும் கொங்கும் அச்சில் வரும்போது, எழுத்தை ஒலியாக்கிக் கேட்டால்தான் அது பேச்சாகிறது. வீட்டில் படுக மொழி பேசி வளர்ந்த என் வகுப்புத் தோழன் ஒருவன், தலையங்கத்தை என்னைவிட வேகமாகப் படிப்பான். நெல்லைப் பேச்சு நிறைந்த கதை என்றால் உதடு அசைய ஆரம்பித்துவிடும், வேகம் பாதியாகும். அவனுக்கு எழுத்துத் தமிழ் பள்ளியில் வந்தது, ஊட்டித் தமிழ் கடைத்தெருவில் வந்தது, நெல்லைத் தமிழ் அச்சில் மட்டுமே வருகிறது. ஆனாலும் அந்தக் கதைகளைத்தான் அவன் தேடி எடுப்பான். குரலை அடக்கச் சொன்னால் அவனிடமிருந்து கதையையே பிடுங்கிக்கொள்வது மாதிரி.

திரும்பிப் போகாதே என்ற கட்டளை இன்னும் மோசம். தேர்ந்த வாசகர்களின் கண்கூட, பத்துக் குதிப்பில் ஒன்றுக்கும் சற்று அதிகமாகப் பின்னோக்கிக் குதிக்கிறது. அதைக் கவனக் குறைவு என்று நினைப்போம். 2014-ல், படித்துத் தாண்டிய சொற்களைத் திரையில் உடனுக்குடன் மறைத்துவிட்டு ஒரு சோதனை செய்தார்கள். வாசகர்களின் புரிதல் சரிந்தது. ஒரு நேரத்தில் ஒரே சொல்லைத் திரையில் காட்டும் வேக வாசிப்புச் செயலிகள் பரபரப்பாகப் பேசப்பட்ட அதே வருடம் அது. பின்னால் திரும்புவது வாசிப்பின் பழுது இல்லை, அதன் வேலைமுறையிலேயே ஒரு பகுதி.

சரி, இந்த எண்களெல்லாம் ஆங்கிலத்துக்கு. தமிழுக்கு?

இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கைப்பேசியில் நேரம் வைத்து ஒரு தமிழ் நாவலின் சில பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 120 சொல் அளவில் வந்தது. ஆங்கில அட்டவணையில் வைத்தால் அது பள்ளிப் பிள்ளையின் வேகம். மனம் நொந்துபோய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் நான் எண்ணியது என்ன என்று உறைத்தது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நமக்கு ஒரே சொல். இதை ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல்லாவது தேவைப்படும். வேற்றுமை, காலம், இடம், பால், எண் எல்லாவற்றையும் வாலாகக் கட்டி இழுத்துக்கொண்டு வரும் மொழியில் சொல்லை எண்ணுவது, குட்டி யானையையும் லாரியையும் வண்டி ஒன்று, வண்டி இரண்டு என்று எண்ணுவதற்குச் சமம்.

2012-ல் வெளியான ஒரு ஆய்வு, 17 மொழிகளில் ஒரே தரத்தில் அமைந்த பத்திகளை வாய்விட்டுப் படிக்கச் செய்து வேகத்தை அளந்தது. தமிழ் அந்தப் பதினேழில் இல்லை. ஆனால் நம்மைப் போலவே விகுதிமேல் விகுதி அடுக்கும் மொழிகள் இரண்டு இருந்தன. ஆங்கிலம் நிமிடத்துக்குச் சராசரி 228 சொல், துருக்கி 166, பின்னிஷ் 161. சொல்லை விட்டு எழுத்தை எண்ணினால் பின்லாந்துக்காரர் ஆங்கிலேயருக்குச் சற்றும் சளைத்தவரில்லை. அந்த வரியைப் படித்தபோதுதான் என் 120-ஐ மன்னித்தேன்.

தமிழில் வேகத்தைத் தீர்மானிப்பதில் அச்சுக்கும் பங்கு உண்டு. நட்பு அதிகாரத்தில் ஒரு குறள்:

நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும்
பண்புடை யாளர் தொடர்பு.

'பண்புடையாளர்' ஒரே சொல். சீர் கணக்குக்காக அதை இரண்டாக வெட்டி அச்சடிக்கிறோம். கண் 'யாளர்' என்ற இடத்தில் தடுக்கி, பின்னால் போய் 'பண்புடை'யைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. இடைவெளி பொருளுக்காக விடப்படாமல் ஓசைக்காக விடப்பட்டிருப்பதால், வாய்விட்டுச் சொன்னால் ஓடும், கண்ணால் மட்டும் படித்தால் நொண்டும். ஓலைச்சுவடி இதற்கும் மேல். புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. குறிலா நெடிலா என்று எகர ஒகரங்களில் தெரியாது. அதை மேயவே முடியாது. ஓதித்தான் பிரிக்க வேண்டும். நம் பழைய எழுத்து முழுவதும் காதுக்காக அமைந்தது, நாம்தான் அதைக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டோம்.

இந்தக் குறளில் இன்னொன்று எனக்குப் பிடிக்கும். சொல்ல வந்தது நட்பைப் பற்றி. படிக்கப் படிக்கப் புத்தகம் இனிப்பதைப் போல, பழகப் பழக நல்லவர் நட்பு இனிக்கும் என்கிறார். தெரிந்ததைக் காட்டித்தானே தெரியாததை விளக்குவார்கள்? மறுபடி படிப்பதன் இன்பம் அன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கிறது.

எழுத்து உருவத்தால் வரும் தடையும் ஒன்று உண்டு. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-ல். அதற்கு முந்திய பதிப்புகள் கிளை நூலக அலமாரிகளின் கீழ்த்தட்டில் இன்னும் இருக்கின்றன. தும்பிக்கை தூக்கிய 'லை', 'னை', 'ணை' எல்லாம் அதில் வரும். என் அப்பா அவற்றைக் கவனிக்கக்கூட மாட்டார். நான் முதல் இருபது பக்கம் ஒவ்வொரு தும்பிக்கையிலும் நிற்பேன். அப்புறம் கண் பழகிவிடும். மொழி அதேதான், வாசகனும் அதே ஆள்தான். பழக்கம் மட்டும் வேகத்தை இந்த அளவு ஆட்டுகிறது.

இனி இன்பத்துக்கு வருவோம். வேகமாகப் படித்தால் இன்பமா, மெதுவாகப் படித்தால் இன்பமா என்று பட்டிமன்றம் வைக்கலாம். தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்டார். இன்பத்துக்காகப் படிக்கும் தீராத வாசகர்களைப் பிடித்து, அவர்கள் ரசித்த புத்தகங்களையே கொடுத்து, பக்கம் பக்கமாக வேகத்தை அளந்தார். 1988-ல் வெளியான அவருடைய ஆய்வில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒரே ஆள், ஒரே புத்தகத்தில்கூட, ஒரே வேகத்தில் படிப்பதில்லை. வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, தங்களுக்கு மிகப் பிடித்த பக்கங்களில் அவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. குறைத்தது அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

இதைப் படித்த பிறகு கடைசி வீட்டு அக்காவிடம் மறுபடி போனேன். போன வாரம் படித்த நாவலில் எந்த இடத்தையாவது இரண்டு தடவை படித்தீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டார். "அந்தப் பொண்ணு பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புற எடம். அத மட்டும் மூணு தடவ படிச்சேன். அவன் பேசுறதெல்லாம் தாண்டித் தாண்டித்தான் போவேன், எல்லா நாவல்லயும் அவன் அதையேதான் பேசுவான்."

ஆக, ஒரே ராத்திரியில் முடிக்கும் அக்காவும் பாதிக் கதையில் பறந்து, ஒரு பக்கத்தில் நிற்கிறார். வகுப்பில் எனக்குக் கற்பிக்கப்பட்டதில் உண்மையான கோளாறு அதன் வேகத்தில் இல்லை. விரல் ஒரே சீராக ஓடவேண்டும் என்றார்களே, அதில்தான். பெட்டியைத் தூக்கும் இடத்திலும் அதே விரல், அவன் வசனத்திலும் அதே விரல். 'ஒவ்வொரு வரியையும் அசைபோட்டு மெதுவாகப் படி' என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் உபதேசத்துக்கும் அதே கோளாறு உண்டு. சாதாரணப் பக்கத்தை உருகி உருகிப் படித்தால் கதை ஊசிப்போகும்.

மெதுவாசிப்பைப் புகழ்பவர்கள் மறந்துவிடும் ஒரு ஆளும் இருக்கிறாள். என் தங்கை மகளுக்கு மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், எங்கே, எப்போது, யாரோடு என்று எல்லாவற்றையும் நினைவில் தூக்கிக்கொண்டு கடைசிவரை போனால்தான் என்ன நடந்தது என்பது கிடைக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் நின்றால், வினை வருவதற்குள் ஆள் மறந்துபோகிறான். அவளுக்கு மெதுவு ருசியில்லை, பாரம். ஓரளவு வேகம் வராதவரை புத்தகத்தில் இன்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்த கொரோனா காலத்துக்குப் பின், 2022-ல், தமிழக அரசு முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது இந்தப் படியைத் தாண்ட வைக்கத்தான். அதற்கு உதவும் பழைய வழி ஒன்று, ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்க விடுவது. குழந்தைகள் அதைக் கேட்காமலே செய்கிறார்கள். ஒரே நரிக் கதையை இந்த மாதம் மட்டும் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகமாகப் படிக்கிறாள், நரி ஏமாறும் இடம் வந்தால் மட்டும் இழுக்கிறாள். ஆக, விக்டர் நெல் கண்ட வாசகர்களின் வழக்கம் எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

வேகம் வாசகர் கையில் இல்லாத காலமும் இருந்தது. 'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950-லிருந்து 1954 வரை, மூன்றரை வருடம் வந்தது. எவ்வளவு வேகமாகப் படிக்கத் தெரிந்தாலும் அந்த வார அத்தியாயம் முடிந்தால் முடிந்ததுதான். அடுத்த இதழ் மலையேறி வரவேண்டும். இன்று அதே ஐந்து பாகத்தையும் ஒரு விடுமுறையில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் காத்திருப்பதற்காகப் போடப்பட்ட அத்தியாயக் கடைசித் திருப்பம், தொடர்ந்து படிக்கும்போது பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை வந்து கையைப் பிடிக்கிறது. மூன்றாம் பாகத்தில் எனக்கு அது சலித்தது உண்மை. குறை கதையிலா, நான் படித்த வேகத்திலா என்றால், வேகத்தைத்தான் சொல்வேன்.

கைப்பேசி வாசிப்பைப் பற்றி ஒரே ஒரு தகவல். 2018-ல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திரையைவிடக் காகிதத்தில் புரிதல் சற்று மேலாக இருந்தது. நேர நெருக்கடி சேர்ந்தால் அந்த வித்தியாசம் கூடியது. கதைகளுக்கு அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை.

போன வாரம் நூலகத்தில், மூன்றாவது முறையாக ஒரு நாவலைப் புதுப்பிக்க நின்றேன். சுவரில் நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகளை எழுதி மாட்டியிருக்கிறார்கள். சீர்காழிக்காரரான அவர் அவற்றை 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி. வேக வாசிப்பு வகுப்பின் விளம்பரத்தில் போட்டால்கூடப் பொருந்தும்போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது அலமாரியில் புத்தகத்தைத் தேடும் நேரத்தை. கையில் கிடைத்த பிறகு எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கு அவர் விதி எழுதவில்லை.

நூலகப் புத்தகத்தின் ஓரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அலமாரியில் இருக்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் முதல் ஐம்பது, அறுபது பக்கம் பழுப்பேறி இருக்கும், மீதி வெளுப்பாக இருக்கும். பலர் அங்கே கைவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். நான் புதுப்பித்த நாவல் கடைசிவரை ஒரே பழுப்பு. உள்ளே சில இடங்களில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். முதல் நூறு பக்கத்தில் ஒன்றுமில்லை. 212-ம் பக்கத்தில் நாலு வரிக்குக் கோடு, பக்கத்தில் ஒரு தேதி. மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தில் இன்னொரு தேதி, அதே கையெழுத்து. நான் 209-ல் இருக்கிறேன். நூலகர் முத்திரை குத்தி, இன்னும் பதினைந்து நாள் என்றார்.